கன்னியாகுமரிக்கு ரயிலில் போங்கள்

அன்புள்ள மகனுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சில ஞாயிற்றுக்கிழமைகளாக முயன்றும் பார்த்தேன். "நைனா, வண்டி எப்டி கீது?" என்று நீ சிரித்துக்கொண்டே கேட்டவுடன் என் வாய் "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகு அதை மாற்றிச் சொல்ல எனக்குத் துணிவு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். ஆய்வகத்தில் எந்த அறிக்கை எழுதினாலும், உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலில் எண் போட்டு எழுதிவிடுவது என் பழக்கம். படிப்பவர் பாதியில் எழுந்து போய்விட்டாலும் முக்கியமானது அவர் கண்ணில் பட்டிருக்கும். நீ பாதியில் எழுந்து போகமாட்டாய் என்று தெரியும். பாதியில் எழுந்து போகக்கூடியவன் நான்தான்.

1. கல்யாணம் முடிந்த கையோடு நம் வண்டியில் நீயும் மாலதியும் கன்னியாகுமரிக்குப் போகக் கூடாது. ரயிலில் போங்கள்.
2. காரணம், வண்டியின் அடியில் இருந்த சில துளைகள். அவற்றை நாங்கள் அடைத்துவிட்டோம்.
3. இதில் தேசப்பனைக் குறை சொல்லக் கூடாது.
4. கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சம்.
5. வண்டியைக் காயலாங்கடைக்குக் கொடுத்துவிடப் போகிறேன். நீ வரும்போது முற்றம் காலியாக, சுத்தமாக இருக்கும். இதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

முதலாவதை முதலிலேயே எழுதிவிட்டதில் கொஞ்சம் நிம்மதி. இல்லாவிட்டால் மார்கழிக் குளிர், மண்டபத்துச் சமையல்காரர், சம்பந்தி வீட்டார் கேட்ட பெரிய அறை என்று பக்கங்களை நிரப்பிவிட்டு, மற்றவை நேரில் என்று முடித்திருப்பேன். நேரில் நீ சாவியைக் கேட்பாய். நான் கொடுத்துவிடுவேன். அதுதான் என் பயம்.

வண்டி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். மணலி சாலைக் காயலாங்கடை ஒன்றில் கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் நாட்டிலிருந்து தரைவழியாகவே ஓட்டிவந்து இங்கே யாருக்கோ விற்றுவிட்டுப் போன வேன் என்று கடைக்காரர் சொன்னாராம். உண்மையோ, விலையை ஏற்றச் சொன்னதோ. ஆனால் உள்ளே மடக்குக் கட்டில் இருந்தது, ஒற்றை அடுப்பு இருந்தது, கைகழுவ ஒரு சின்னத் தொட்டி இருந்தது, மேலே தூக்கி நிறுத்துகிற ஃபைபர் கூரை இருந்தது. எல்லாவற்றின் மேலும் துரு இருந்தது. லாரியில் கட்டி இழுத்துவந்து நம் பக்கவாட்டு முற்றத்தில் நீ நிறுத்தியபோது தெருவே கூடிவிட்டது. உன் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"ஏன்டா, இதுல படுக்கவா இவ்ளோ பாடு? வூட்ல கட்டில் இல்லியா? இல்ல, எங்க மூஞ்சியப் பாத்துக்கினு தூங்க முடிலியா?"

"இந்தியா ஃபுல்லா சுத்தலாம்மா. எங்க வேணா நிறுத்திட்டு தூங்கலாம்."

"எங்க வேணா நிறுத்து. போலீஸ்காரன் தூக்கிகினு போவான். அங்க காத்தாட தூங்கு."

வாய்ப்பேச்சுக்குப் பேர்போன கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா? நீ என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு நைனா" என்றாய். "செய்யலாம். நிறைய வேலை இருக்கும். செய்யாமலும் இருக்கலாம்" என்றேன். நீ வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாய். அந்தப் பெருமூச்சு உனக்கு மறந்திருக்கும். நான் அதை வைத்திருக்கிறேன்.

பிறகு உனக்குப் புனேயில் வேலை கிடைத்தது. லீவில் வரும்போதெல்லாம் சேர்ந்து செய்யலாம் என்றாய். ஒரு தீபாவளிக்கு வந்து முன்பக்க பம்பரைக் கழற்றினாய். அடுத்த பொங்கலுக்கு வந்து கழற்றிய பம்பர் எங்கே என்று தேடினாய். அதன் பிறகு உனக்கு லீவு கிடைக்கவில்லை. அதே வருஷம் அக்காவுக்கு மஸ்கட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. உன் அம்மா மூன்று மாதத்துக்கு என்று போனாள். குழந்தைகள் தவழ்ந்தன, நடந்தன, பள்ளிக்கூடம் போகத் தொடங்கின. அம்மா வருஷத்துக்கு ஒருமுறை வந்து சமையலறையைப் பார்த்து என்னைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போகிறாள். யார் மீதும் குறை இல்லை. எல்லோருக்கும் நியாயமான காரணம் இருந்தது. நியாயமான காரணங்களாலேயே ஒரு வீடு காலியாகிவிட முடியும் என்பதை நான் அதற்கு முன் யோசித்ததில்லை.

ஓய்வுபெற்றவன், நான்கு அறை, ஒரு ஆள். ஒருநாள் காலை பேப்பர் படித்து முடித்த பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வண்டியின் கதவோரத்தில் உள்ளங்கை அளவு இடத்தைத் தேய்த்தேன். துருவுக்கு அடியில் வெள்ளியாக உலோகம் தெரிந்தது. அந்த உள்ளங்கை அளவு இடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பக்கத்தில் இன்னொரு உள்ளங்கை. அப்படித்தான் ஆரம்பித்தது. உன்னிடம் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிடுவேனோ என்ற சந்தேகம்.

வேலையில் இருந்த காலம் முழுவதும் கொதிகலனுக்குள் போகும் தண்ணீரைச் சோதித்தவன் நான். எண்ணூர் தொழிற்சாலையில் இரும்புக் குழாய்கள் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் சம்பளத்துக்கான வேலை. அதனால் இந்த வேலையை மற்றவர்களைவிடச் சரியாகச் செய்துவிடுவேன் என்று எனக்குள் ஒரு சின்னக் கர்வம் இருந்தது. நம் ஊர்க் காற்றில் உப்பு. நம் போர்வெல் தண்ணீரிலும் உப்பு. தேய்த்த தகரத்தை அதில் கழுவினால் பெயின்ட்டுக்கு அடியில் உப்பையும் சேர்த்துப் பூட்டி வைப்பதாகிவிடும். ஆகவே மாடியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரால் கழுவினேன். கழுவிய தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். உப்பு இருந்தால் மோர் போல வெளுக்கும். வெளுத்தால் மறுபடி கழுவினேன். தெளிவாக நின்ற பிறகுதான் ரெட் ஆக்சைடு பூசினேன். உன் அம்மாவிடம் போனில் இதை விவரித்தபோது, "எனக்கு ஒரு குக்கர் வளையம் மாத்த ஆறு மாசம் ஆச்சு உங்களுக்கு. அந்த வண்டியாப் பொறந்திருக்கலாம் நானு" என்றாள்.

கூரை ஃபைபர். அது எனக்குத் தெரியாத பொருள். ஃபைபர் படகுகளை ஒட்டுகிறவர்கள் நெட்டுக்குப்பத்தில் இருப்பார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றில் கண்ணாடி நார்த்துணியை விரித்துப் பசையைத் தடவிக்கொண்டிருந்தார் தேசப்பன். என் வயதில் பாதி இருக்கும்.

"போட்டு எங்க கீது சார்?"

"போட் இல்லைங்க. வேன்."

"வேனா?" கையில் இருந்த பிரஷ்ஷை நிறுத்தினார். "வேனுக்கு எதுக்கு சார் ஃபைபரு? கடல்ல வுடப் போறியா?"

"இல்லை, இல்லை. கூரையில் விரிசல் விட்டிருக்கிறது. என் பையன் அதில் ஊரெல்லாம் சுற்றுவான்."

"ஊரச் சுத்தறதுக்கு ரோடு கீது. மேல ஏன் கூர பொளந்துச்சு?" என்று சிரித்தார். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம், "மாமு, ஒரு ரவுண்டு போயி வாத்தியார் வேனப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு என்னோடு கிளம்பினார். நான் வாத்தியார் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசிவரை அவருக்கு நான் வாத்தியார்தான்.

கூரையை அழகாக ஒட்டிக் கொடுத்தார். கூரை முடிந்த பிறகும் படகு வேலை இல்லாத நாட்களில் வந்துபோக ஆரம்பித்தார். நான் டீ போடுவேன். அவர் வண்டியைச் சுற்றிவந்து குற்றம் கண்டுபிடிப்பார். என்னோடு பேச வந்தாரா, வண்டிக்காக வந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் வருவதை நிறுத்திவிடுவாரோ என்று கேட்கவில்லை. அப்படி வந்த ஒரு நாளில்தான் வண்டிக்கு அடியில் படுத்தவர் அங்கிருந்தே கத்தினார்.

"வாத்தியாரே, இங்க வா. இன்னாது இது, அடியில ஓட்ட ஓட்டையா கீது?"

நானும் குனிந்து பார்த்தேன். கதவுகளுக்குக் கீழே, வண்டியின் நீளத்துக்கு இரு பக்கமும் ஒரு பெட்டி போன்ற தகரம் ஓடுகிறது. தரையையும் இருக்கைகளையும் தாங்குவது அதுதான். அதன் அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளைகள் வரிசையாக இருந்தன.

"துருப்பிடித்து விழுந்த ஓட்டையா?" என்றேன்.

"இல்ல. சுத்தி ரவுண்டா, ஒயுங்கா போட்டுகீறான். வேணும்னே போட்டுகீறான் வெள்ளக்காரன். படகா இருந்தா இந்நேரம் முயுகி பூட்ருக்கும். மயத்தண்ணி ரோட்ல நின்னா நேரா உள்ள ஏறும் சார். அடச்சிட்டா ஒரு சொட்டு வராது."

படகோடு வாழ்பவருக்கு அடியில் துளை என்றால் அது சாவு. எனக்குத் துருவின் கணக்கு வேறு. இரும்பு, நீர், காற்று மூன்றும் சேர்ந்தால்தான் துரு. கொதிகலனில் நீரை எடுக்க முடியாது, அதனால் காற்றை எடுத்துவிடுவோம். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று கொஞ்சம். அது தீர்ந்ததும் துருவும் நின்றுவிடும். ஆக, அவர் தண்ணீரை நினைத்துச் சரி என்றார். நான் காற்றை நினைத்துச் சரி என்றேன். இருவரும் வேறு வேறு வழியில் ஒரே முடிவுக்கு வந்ததால் முடிவு இன்னும் உறுதியாகத் தெரிந்தது. நார்த்துணியும் பசையும் வைத்து ஒவ்வொரு துளையாக அடைத்தோம். அதன் மேல் கறுப்பு பெயின்ட். தடவிப் பார்த்தால் எங்கே துளை இருந்தது என்றே தெரியாது. அன்று இருவரும் மிகவும் சந்தோஷமாக இருந்தோம்.

வெள்ளையும் இளம்பச்சையுமாக பெயின்ட் அடித்து முடித்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய் உனக்குப் போட்டோ அனுப்பினேன். அன்று மாலையே நீ போன் செய்தாய். உன் குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரல் போல இருந்தது. "நைனா! நைனா! இது நம்ம வண்டியா?" என்று கேட்டாய். உன் ஆபீசில் எல்லோருக்கும் காட்டினாயாம். கல்யாணம் முடிந்த மறுநாள் இதிலேயே கன்னியாகுமரி போவதாக மாலதியிடம் சொல்லிவிட்டாயாம். அடுத்த வாரம் மாலதியே பேசினாள். "மாமா, ஜன்னலுக்கு மஞ்சள் துணி எடுத்திருக்கேன். அளவு மட்டும் சொல்றீங்களா?" என்றாள். நான் இஞ்ச் டேப்பை எடுத்துப் போய் ஒவ்வொரு ஜன்னலையும் இரண்டு தடவை அளந்து சொன்னேன்.

வண்டி முடிந்தும் நான் அதைவிட்டு வெளியே வரவில்லை. இதை உன் அம்மாவிடம் சொல்லாதே. மதியம் அங்கேதான் படுக்கிறேன். அடுப்பு எரிகிறதா என்று பார்க்க ஒருநாள் உப்புமா செய்தேன். நன்றாக எரிந்தது. மறுநாளும் செய்தேன். வீட்டில் ஒருவன் இருந்தால் வீடு காலியாகத் தெரிகிறது. வண்டிக்குள் ஒருவன் இருந்தால் வண்டி நிறைந்துவிடுகிறது. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

பிறகு ஐப்பசி வந்தது. இந்தத் தடவை மழை எப்படிப் பெய்தது என்பதை டிவியில் நீயே பார்த்திருப்பாய். கடல்காற்றோடு சேர்ந்து படுக்கைவாட்டில் பெய்தது. நான் உள்ளே உட்கார்ந்து, ஒரு சொட்டுகூட இருக்கையில் விழவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு நான் போட்டது இங்கே கடையில் கிடைத்த ரப்பர், கச்சிதமாகப் பொருந்தவில்லை. அதன் இடுக்கில் நுழைந்த தண்ணீர் இருக்கைக்கு வரவில்லை. கதவுச் சுவருக்குள்ளேயே வழிந்து கீழே அந்தப் பெட்டிக்குப் போனது. அங்கிருந்து வெளியே போகத்தான் அந்தத் துளைகள். வண்டி செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, தண்ணீர் எப்படியும் வரும் என்று.

கார்த்திகையில் எஞ்சின் வேலை முடிந்து, தண்டையார்பேட்டை மெக்கானிக் பாஷா பாய் வண்டியை ஓட்டிப் பார்க்க வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி போனபோது, மகனே, எனக்கு ஏற்பட்ட உணர்வை எழுதத் தெரியவில்லை. எல்லா லாரி டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ஹாரன் அடித்துக் கும்பிட்டார். அப்போது முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. பாய் பிரேக்கை மிதித்தார். காலுக்குக் கீழே சளக் என்று ஒரு சத்தம். குடத்தோடு நடக்கும்போது தண்ணீர் அலம்புமே, அந்தச் சத்தம்.

பாய் என்னைப் பார்த்தார். "இன்னா சார், கீழ மீனு கீனு வளக்கறியா?"

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் அவர் அடியில் படுத்து, அடைத்த இடத்தைத் தட்டிப் பார்த்து ஒரு துளையைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. நெடுநேரம் கொதித்த டீத்தூள் நிறம். அதோடு துருத்தூள் செதில் செதிலாக வந்தது. பாய் கையை உதறிக்கொண்டு, "யார் சார் அடச்சது இத? எவனாவது லூசா?" என்றார். நான் "நான்தான்" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ கேட்டார்.

அவர் போன பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். டிரைவர் இருக்கைக்குக் கீழே, பெயின்ட் பளபளவென்று இருந்த இடத்தில் மெதுவாக அழுத்தினேன். நனைந்த அட்டையில் நுழைவது போல நுழைந்தது. மறுபக்கம் போய் மாலதி உட்காரப்போகும் இடத்துக்குக் கீழே அழுத்தினேன். அங்கேயும் நுழைந்தது. இரும்பு முன்பே மெலிந்திருந்தது, தண்ணீர் மீதியைத் தின்றுவிட்டது. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போட்டோவிலும் தெரியாது.

நான் பார்த்தது தவறாக இருக்கலாமோ என்றுதான் முதலில் யோசித்தேன். உனக்கு என்னைத் தெரியும். தேசப்பனை வரவழைத்துக் காட்டினேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில், "பேஜாராவாத வாத்தியாரே. மேல ரெண்டு லேயர் ஃபைபர் மேட்டு போட்டு ஒட்டிட்டா கிண்ணுனு நிக்கும்" என்றார். பாயிடம் கேட்டேன். "ஊருக்குள்ள, பீச்சாண்ட, ஓட்டலாம் சார். கன்னியாகுமரி தூரம். லாரி ரோடு. அடி வாங்குச்சுனா தாங்குமான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். உன் புள்ள, உன் மருமவ. நீதான் சொல்லணும்" என்றார். ஒருவர் போகலாம் என்கிறார், இன்னொருவர் என்னைச் சொல்லச் சொல்கிறார். முன்பெல்லாம் இப்படி ஒரு நிலை வந்தால் நான் இரண்டு பக்கமும் எழுதிவைத்துவிட்டு, யாராவது முடிவெடுக்கட்டும் என்று காத்திருப்பேன்.

உனக்கு இரண்டு வேலை ஒரே சமயத்தில் கிடைத்ததே, மணலியில் ஒன்று, புனேயில் ஒன்று. அன்று சாப்பாட்டு மேஜையில் நான் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இரண்டின் நன்மைகளையும் எழுதிக் கொடுத்தேன். நீ தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இதெல்லாம் எனக்கே தெரியும். நீ இன்னா நெனைக்கிற, அத்தச் சொல்லேன் நைனா. எதுனா ஒண்ணு சொல்லேன்" என்று கத்தினாய். "இரண்டிலும் நன்மை இருக்கிறது" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய். நான் நினைத்தது, இங்கேயே இரு என்பது. அதைச் சொல்லியிருந்தாலும் நீ புனேக்குத்தான் போயிருப்பாய். போயிருக்கவும் வேண்டும். ஆனால் தகப்பன் என்ன நினைத்தான் என்று தெரிந்து போயிருப்பாய்.

ஆகவே இந்த முறை சொல்கிறேன். கூடாது. மேட் ஒட்டியும் கூடாது, மெதுவாக ஓட்டியும் கூடாது, மாமல்லபுரம் வரை மட்டும் என்றும் கூடாது. நீ கோபித்துக்கொள்வாய். ஆபீசில் சொல்லிவிட்டேனே என்பாய். மஞ்சள் துணி தைத்தாகிவிட்டது என்று எனக்கும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்.

மூன்றாவது எண். தேசப்பனை யாரும் எதுவும் சொல்லக் கூடாது. அவர் துளையை அடைக்கலாம் என்றார், சரி என்றது நான். மூடிய கலத்தைப் பற்றிப் படித்தவன், அது உண்மையில் மூடியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அவர் இப்போது வருவதில்லை. படகு வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினார். வெட்கப்படுகிறார் என்று நினைக்கிறேன். கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க இரண்டு நாளில் நானே நெட்டுக்குப்பம் போகிறேன்.

நான்காவது. இதைப் பற்றி எழுத எனக்கு அதிகாரம் குறைவு. அடைத்த துளைகளையே கல்யாணத்துக்கு உவமையாக வைத்து ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் ஏதோ சொற்பொழிவு போல இருந்தது, கிழித்துவிட்டேன். தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். மஸ்கட் போவதற்கு முன்னால் உன் அம்மா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள், "நான் போவட்டுமா?" என்று. "உன் இஷ்டம்" என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். போன வருஷம் அவள் வந்திருந்தபோது கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "அன்னிக்கு நீங்க, போவாதன்னு சொல்லிருந்தா சண்ட போட்டுக்கினாவது போயிருப்பேன். கூட வரேன்னு சொல்லிருந்தா குதிச்சிக்கினு போயிருப்பேன். இஷ்டம்னு சொன்னீங்க பாரு, அதான் பிளேன்ல பூரா அழுதேன்."

மாலதி உன்னிடம் ஏதாவது கேட்டால், உன் இஷ்டம் என்று மட்டும் சொல்லாதே. தப்பானதையாவது சொல். சண்டை வரட்டும். நல்ல சமையல் செய்தால் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடும்போதே சொல், கை கழுவிய பிறகு இல்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். இதில் எதையும் நான் செய்ததில்லை. அதனால் இவை எல்லாம் வேலை செய்யுமா என்று எனக்குத் தெரியாது. செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் நான் சாட்சி.

கடைசி எண்ணுக்கு வருகிறேன். நேற்று எழுதுவதை இங்கே நிறுத்திவிட்டு, மணலி சாலைக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். இன்று காலை அவர் வந்தார். வண்டியைத் தட்டினார், கதவைத் திறந்து மூடினார். "நம்ம கடையில கெடந்ததா சார் இது? அடையாளமே தெர்ல. சூப்பரா பண்ணிக்கீற. ஆனா அடி பூட்ச்சி. வெட்டித்தான் போடணும். இன்னிக்கே ஆளக் கூட்டியாந்து தூக்கிடவா?" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் என் தலையணையும் போர்வையும், மேஜையில் நான் காலையில் குடித்த டம்ளரும் இருந்தன.

"யார் சார் இங்க தங்கறது? வாச்மேனா?"

"இல்லை. நான்தான்."

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். மாடி, பால்கனி, பூட்டிய அறைகள் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாமானெல்லாம் எடுத்து வையி சார், ஒரு மணிக்கு வண்டியோட வர்றேன்" என்றார். நான் தலையணையை எடுக்க உள்ளே போனேன். எடுத்தேன். அதை வைத்துக்கொண்டு வெளியே வந்து, "வேண்டாம்பா" என்றேன். எனக்கே கேட்காத குரல். அவர் காதில் கையை வைத்து "இன்னா?" என்றார். "வேண்டாம். வண்டியைக் கொடுக்கப்போவதில்லை" என்று உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். கடைக்காரர், "காலாங்காத்தால என்னை அலைய வுட்டியே சார்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மதியம் பாயைப் பார்த்தேன். அந்தப் பெட்டித் தகரத்தைப் புதிதாக வளைத்து வெல்டிங் செய்யலாம் என்கிறார். பழையதை முழுவதும் வெட்டி எடுக்க வேண்டும், அவசரமாகச் செய்யக் கூடாது, கல்யாணத்துக்குள் முடியவே முடியாது என்றும் சொன்னார். அதனால் முதல் எண் அப்படியே நிற்கிறது. ரயிலில் போங்கள். டிக்கெட் நானே எடுத்துவிட்டேன், ஜன்னலோரம். துளைகளை இந்த முறை அவர்கள் போட்ட இடத்திலேயே போட்டு, திறந்தே வைப்போம். வெல்டிங் வைக்கும்போது உள்ளே ஒருவர் தகரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கீழே இன்னொருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். தேசப்பனைக் கேட்டால் வருவார். தெருவில் யாரைக் கூப்பிட்டாலும் வருவார்கள். எனவே ஆள் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அது பொய்யாகிவிடும்.

மேலே ஐந்தாவதாக எழுதியது தவறு. நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று எழுதியதும் தவறு. அதை அடித்துவிட்டு, கன்னியாகுமரியிலிருந்து திரும்பிய பிறகு ஒரு வாரம் இங்கே வந்து என்னோடு இருக்க வேண்டும் என்று உன் தகப்பன் கேட்டதாகப் படித்துக்கொள்.